முன்னறைக்குள் பின்னறை

பதினோரு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அண்ணன் கைகட்டிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்து நின்றான். அண்ணி பிளாஸ்டர் கிண்ணத்தைக் கலக்காமல் கையில் வைத்திருந்தாள். நாற்காலியில் பாப்பா.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன்தலை நரைத்துவிட்டது. ஒரு லாரி கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. அங்கே அவளைக் கண்டால் பயப்படுகிறவர்கள்கூட உண்டு. இந்த வீட்டு வாசலைத் தாண்டினால் அவள் பாப்பாதான்.

"பேய் வரப்போற மாதிரி நிக்கிறீங்களே ரெண்டு பேரும்," என்றாள்.

"பேய்னா ராத்திரி வரும். இது டாண்ணு ஆபீஸ் நேரத்துக்கு வருது," என்றாள் அண்ணி.

திரையில் ஒரு கடைவாய்ப்பல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மணி ஆனது. பல் நின்றது. மவுஸை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சற்று நேரத்தில் திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு மன்னிப்பு.

"இதேதான்," என்றான் அண்ணன். குரலில் ஒரு திருப்தி. "மூணு வாரமா இதேதான். எழுப்பினா எழுந்திருக்கும். கொஞ்ச நேரத்துல மறுபடி மல்லாந்துடும். ஒயரைப் பிடுங்கினாத்தான் அடங்கும்."

"எந்த ஒயர்?"

அண்ணன் தாடையால் சுவரைக் காட்டினான். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து கிளம்பிய கேபிள் ஒரு துளை வழியாகப் பின்னறைக்குப் போனது. பின்னறையில் தம்பி இருந்தான்.

அது பல் செய்யும் இடம். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். முன்னறையில் அண்ணி அதில் பிளாஸ்டர் ஊற்றுவாள். அண்ணன் அதை ஸ்கேன் செய்து திரையில் பல்லை வரைவான். பின்னறையில் தம்பி மெஷினில் பல்லின் நிறத்துக்கு ஏற்ற பீங்கான் வட்டு ஒன்றை மாட்டி அந்தப் பல்லைச் செதுக்குவான். உலையில் சுடுவான், மெருகு போடுவான். மாடியில் இரண்டு குடித்தனம். ஒன்று அண்ணனுடையது, ஒன்று தம்பியுடையது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முன்பல் திரும்பி வந்தது. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகவில்லை. நான் சொன்ன நிறம் வேறு என்றான் அண்ணன். எழுதியிருந்த நிறத்தைத்தான் மாட்டினேன் என்றான் தம்பி. வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தப் பல்லை மறுபடி செய்து கொடுத்தாயிற்று. யாரோ ஒருவர் அதை வைத்துக்கொண்டு இந்நேரம் ஆப்பிள் கடித்துக்கொண்டிருப்பார். இவர்கள் இருவரும் இன்னும் அந்த நிறத்திலேயே நின்றார்கள்.

பேச்சு நின்றால் வேலையும் நிற்க வேண்டுமா? பாப்பாதான் வழி செய்து கொடுத்தாள். அதுவரை பென் டிரைவ் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அவள் வந்து கேபிள் இழுத்தாள். ஆளுக்கு ஒரு ஃபோல்டரைப் பொதுவாக்கினாள். ஒன்றின் பெயர் முன்னறை, மற்றதன் பெயர் பின்னறை. அண்ணன் வரைந்ததை முன்னறையில் போடுவான். தம்பி எடுத்துச் செதுக்கி, முடித்ததைப் பின்னறையில் குறித்து வைப்பான். செய்த பல் சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தட்டில் வரும். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் அவள் மூளையைப் புகழ்ந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் விழ ஆரம்பித்தது. "அவன் பக்கத்துலேர்ந்துதான் ஏதோ வருது. வேணும்னே பண்றான்," என்று அண்ணன் சொன்னான். மனைவியிடம்தான் சொன்னான். ஆனால் சுவரில் ஜன்னல் இருந்தது. மறுநாளே தம்பி வேறு தெருவில் ஓர் அறை பார்த்துவிட்டான். இன்று மத்தியானம் வண்டி வருகிறது, மெஷினை ஏற்ற. மெஷின் போனால் மாடிக் குடித்தனமும் பின்னாலேயே போகும். "கம்ப்யூட்டரைப் பாக்கிற சாக்குலயாவது வந்துட்டுப் போ பாப்பா," என்று அண்ணி போன் செய்திருந்தாள்.

வண்டி வருவதற்குள் காரணம் தெரிய வேண்டும். அந்தக் காரணம் தம்பியாக இருக்கக் கூடாது. பாப்பா அதற்குத்தான் லீவு போட்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு இங்க என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

"அவன் டீ குடிச்சுட்டு வந்து உக்காருவான்."

"அண்ணே, கம்ப்யூட்டர்ல என்ன நடக்கும்னு கேட்டேன்."

"ஒண்ணும் நடக்காது." அண்ணன் மீசையைத் தடவினான். "நகல் எடுக்கும்."

"என்ன நகல்?"

மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கையடக்கமான ஹார்ட் டிஸ்க். அவளுக்குத் தெரியாமல் வந்த சாமான்.

"ஒரு டாக்டர் சொன்னார். ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் தினம் ஒரு தடவை இதுல எடுத்து வச்சுக்குமாம். நானே போட்டேன்."

"எப்ப?"

"தனியாப் போறேன்னு முதல் தடவை அவன் கத்தினானே, அன்னைக்கு சாயங்காலம். மூணு வாரம் இருக்கும்."

"எதுக்கு?"

"படமெல்லாம் போயிடுச்சுன்னா?"

"அது எப்படிப் போகும்?"

அண்ணன் ஸ்கேனரின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான். அண்ணிதான் பதில் சொன்னாள். "தம்பி ஊர்ப் பல்லையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு ஓடிடுவாராம்."

நகல் எடுக்கிற வேலையை எப்போது வேண்டுமானாலும் கையால் தொடங்கலாம். இனிப் பதினோரு மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். பாப்பாவுக்கு அதுவே பாதி நிம்மதி. அழுத்தினாள். விழுந்தது. எழுப்பினாள். விழுந்ததற்கான குறிப்பை அது உள்ளே எழுதி வைத்திருந்தது. எடுத்துப் படித்தாள். நெட்வொர்க் பக்கம் கைகாட்டியது. பையிலிருந்து புது நெட்வொர்க் கார்டை எடுத்து மாட்டினாள். விழுந்தது. மெமரியை மாற்றினாள். விழுந்தது. ஃபேன் சுற்றியது, சூடு இல்லை, டிஸ்க்கில் கோளாறு இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு அழுத்தினாள். நகல் ஒழுங்காக எடுத்து முடித்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்றான் அண்ணன்.

"இரு. கேபிளே கெட்டுப்போயிருக்கலாம்."

புதுக் கேபிள் போட்டாள். விழுந்தது.

"அண்ணி, தம்பி கம்ப்யூட்டரை மட்டும் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க."

அண்ணி ஜன்னலண்டை போய்க் குனிந்து சொன்னாள். திரும்பி வந்தாள். "எட்டு மாசமா தபால்காரி வேலை. யூனிஃபார்ம் ஒண்ணுதான் இன்னும் தரல."

கேபிள் இருந்தது. தம்பி கம்ப்யூட்டர் இல்லை. பாப்பா அழுத்தினாள். பட்டை மெதுவாக நிறைந்தது. நகல் முடிந்தது. எதுவும் விழவில்லை.

அண்ணன் இப்போது சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "பாத்தியா பாப்பா. ஒயர் இருக்கு, அவன் இல்ல. நல்லா இருக்கு. அவன் இருந்தா விழுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

அவளே லாரி கம்பெனியில் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக் காரணம் கண்டுபிடிப்பாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"அவனுக்கு என்ன அவசரமோ," என்றான் அண்ணன். "நான் வரைஞ்சு முடிக்கக்கூட மாட்டேன், அங்க வட்டை மாட்டுற சத்தம் கேட்டுடும். என்னைத் துரத்துறான். நீ சோம்பேறின்னு சொல்லாமச் சொல்றான்."

பாப்பா எழுந்து பின்னறைக்குப் போனாள்.

அறை முழுக்க மெல்லிய வெள்ளைத் தூள். தம்பி தரையில் உட்கார்ந்து மெஷினின் காற்றுக் குழாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். மெஷின் இன்னும் தரையோடு முறுக்கப்பட்டிருந்தது. ஸ்பேனர் பக்கத்தில் கிடந்தது.

"தீர்ப்பு எழுதியாச்சா?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு கம்ப்யூட்டரைப் போடு."

"வேணாம்க்கா. என்னோடது நல்லாத்தான் இருக்கு."

அவன் அதைச் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளே பட்டனை அழுத்தினாள். அது எழுந்திருக்கும்வரை அவன் குழாயைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

"அவரு ஒண்ணும் கேக்கலக்கா. போறேன்னதும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் வேலை முடிச்சுப் போற வரைக்கும் முன்னாடி லைட்டைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. காவலாம். திருடன்னு நெனச்சுட்டாரு."

பாப்பா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். "அண்ணி, நகல் பட்டனை அண்ணனை அழுத்தச் சொல்லுங்க!"

தம்பியின் திரை முன்னால் அவள் கைகட்டி நின்றாள். ஒரு முன்பல் சுழன்றுகொண்டிருந்தது. நின்றது.

"விழுந்துடுச்சு!" என்று முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

அவள் கண்ணெதிரில் தம்பியின் திரையும் நீலமானது.

தம்பி தரையைப் பார்த்தான்.

"எத்தனை நாளாடா?"

"அங்க விழுற அன்னைக்கெல்லாம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? ஒரு மெஷினை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா உனக்குன்னு ஆரம்பிப்பாரு. அதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தான். மூடியைத் திறந்தான். உள்ளே உடைந்த வட்டுகள். ஒவ்வொன்றிலும் பாதி பல். முகம் இருந்தது, முதுகு இல்லை. "செதுக்கிட்டு இருக்கும்போதே நின்னுடும். வேற வட்டை மாட்டி முதல்லேர்ந்து பண்ணுவேன். அவருக்குத் தெரியாது."

பாப்பா அந்தப் பாதிப் பற்களை விரலால் அளைந்தாள். மூச்சு சீராக வந்தது. வேண்டுமென்றே செய்கிறவன் தன் பல்லையே இப்படி உடைத்துக்கொள்ள மாட்டான். இவன் இல்லை. யாரும் இல்லை. இனி வெறும் கம்ப்யூட்டர்தான், அது அவளுக்குக் கைவந்த கலை.

தம்பியை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கம்ப்யூட்டரை அவள் எழுப்பினாள், முன்னறையில் அண்ணன் தன்னுடையதை எழுப்பினான். பின்னறை ஃபோல்டரைத் திறந்தாள். முடித்த பற்களின் குறிப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு ஃபோல்டர். பெயர் முன்னறை. அதைத் திறந்தாள். அண்ணனின் படங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஃபோல்டர். பெயர் பின்னறை. திறந்தாள். தம்பியின் குறிப்புகள், நடுவே முன்னறை. திறந்தாள். நடுவே பின்னறை. மேலே முகவரி நீண்டுகொண்டே போனது. முன்னறைக்குள் பின்னறை, பின்னறைக்குள் முன்னறை. விரல் ஓய்ந்தது. ஃபோல்டர் ஓயவில்லை.

அப்போதுதான் அந்த இரண்டு போன்கள் ஞாபகம் வந்தன.

முதலில் பேசியது அண்ணன். பேச்சு நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "பாப்பா, என் ஃபோல்டருக்குள்ளயே அவன் ஃபோல்டர் தெரியுற மாதிரி வைக்க முடியுமா? சும்மாதான். அவன்கிட்ட சொல்லிடாத." எங்கே அழுத்த வேண்டும் என்று அவள் போனிலேயே சொன்னாள். அடுத்த வாரம் தம்பி. அதே கேள்வி, ஏறக்குறைய அதே வார்த்தைகள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதக்கா." அவனுக்கும் சொல்லிக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு பேரும் தன்னைத்தான் நம்புகிறார்கள் என்பதில் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

லாரி கம்பெனியில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

பாப்பா சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. தம்பி பயந்துவிட்டான். அண்ணி ஜன்னலில் தலையை நீட்டினாள். "என்ன பாப்பா, தனியா சிரிக்கிற? உனக்கும் நீலம் ஆயிடுச்சா?"

"அண்ணனைக் கூட்டிக்கிட்டு இங்க வாங்க அண்ணி."

அண்ணன் வந்தான். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். தம்பி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றான். பாப்பா இருவருக்கும் நடுவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"சலூன்ல முடி வெட்டிட்டு, பின்பக்கம் காட்ட ஒரு கண்ணாடி பிடிப்பாங்கல்ல? முன்னாடி ஒரு கண்ணாடி, பின்னாடி ஒரு கண்ணாடி. உள்ள எத்தனை தலை தெரியும்?"

"எண்ண முடியாது," என்றான் அண்ணன்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படிக் கண்ணாடி பிடிச்சிருக்கீங்க. அண்ணே, உன் ஃபோல்டருக்குள்ள இவன் ஃபோல்டரை வச்ச. டேய், நீயும் அதையே பண்ண. ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். மத்தவன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் வேற." இருவரும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள். "முறைங்க. மனுஷன் ஒரு கதவைத் திறந்து பாத்துட்டு வந்துடுவான். அதனால இத்தனை நாள் ஒண்ணும் ஆகல. நகல் எடுக்கிறது அப்படியில்ல. கண்ட கதவையெல்லாம் திறந்து உள்ள போகும். முன்னறையில பின்னறையைப் பாத்துச்சா, உள்ள போச்சு. அங்க முன்னறை. அதுக்குள்ளயும் போச்சு. இந்தக் கம்ப்யூட்டர் அதைக் கேக்குது, அது இதைக் கேக்குது. கேட்டுக் கேட்டு ரெண்டும் மூச்சுத் திணறி விழுந்துடுச்சு."

"ரெண்டுமா?" என்றான் அண்ணன்.

பாப்பா பிஸ்கட் டின்னை நீட்டினாள். அண்ணன் வாங்கினான். ஒரு பாதிப் பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வைத்தான். இன்னொன்றை எடுத்தான். நெடுநேரம் டின்னை மூடவில்லை.

"இவன் எதுக்கு என் ஃபோல்டரைப் பாத்தானாம்?" என்று அண்ணியிடம் கேட்டான்.

"எனக்கு இன்னைக்கு லீவு," என்றாள் அண்ணி. "தபால் கிடையாது."

தம்பி பாப்பாவைப் பார்த்துச் சொன்னான். "அவரு வரைய ஆரம்பிச்சதும் என்ன நிறம்னு பாத்துக்குவேன். அந்த வட்டையே மாட்டி வச்சிடுவேன். மறுபடி நிறம் தப்பாப் போகக்கூடாதுல்ல? காத்திருந்தாலும் அவருக்குப் பிடிக்காது." நிறுத்தினான். "அவரு எதுக்குப் பாத்தாரு?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். "கடைசியா எப்ப குறிச்சு வச்சிருக்கான்னு பாப்பேன். வேலை முடிஞ்சுதா, போயிட்டானான்னு. உள்ள ஆள் இருக்கும்போது எப்படிக் கதவைப் பூட்டுறது? லைட்டை அணைக்கிறது?"

உலை மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

பாப்பா திரும்பி உட்கார்ந்தாள். பின்னறைக்குள் இருந்த முன்னறையை நீக்கினாள். எழுந்து அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் போய், முன்னறைக்குள் இருந்த பின்னறையையும் நீக்கினாள். அண்ணனும் அண்ணியும் பின்னாலேயே வந்தார்கள். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், முதல் நாள் அவள் வைத்தது போலவே.

"இனிமே உள்ள எட்டிப் பாக்க முடியாது," என்றாள்.

"அப்ப அவன் போயிட்டானான்னு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன்.

"கேளு. வாய் இருக்கு. வாய் நிறைய பல்லும் இருக்கு."

நகல் பட்டனை அழுத்தினாள். நான்கு பேரும் நின்று பார்த்தார்கள். தம்பி ஜன்னலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். பட்டை பாதி வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். முக்கால் வந்தது. பட்டை நிறைந்தது. முடிந்தது என்று ஒரு வரி. திரையில் கடைவாய்ப்பல் ஒன்றும் நடக்காதது போலச் சுழன்றுகொண்டிருந்தது.

"அங்க?" என்று பாப்பா கத்தினாள்.

"ஓடுது," என்றான் தம்பி. "ஓடிக்கிட்டே இருக்கு."

இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபடியும். விழவில்லை. அவளுக்குத் திடீரென்று பசித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இந்த மனுஷங்களை என்ன சொல்ல," என்றாள் அண்ணி. கிண்ணத்தில் பிளாஸ்டர் கல்லாக இறுகியிருந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டினாள். "ஒருத்தரை ஒருத்தர் பாக்க இவ்வளவு ஒயரா?"

வாசலில் ஹாரன் கேட்டது.

அண்ணன் எழுந்தான். உட்கார்ந்தான். பாப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் தம்பியின் குரல்.

"மன்னிச்சுக்கங்க. அலைய வச்சுட்டேன்."

"அப்ப மெஷின்?"

"அது கெட்டியா முறுக்கி வச்சிருக்குங்க. வராது."

"ஸ்பேனர் நான் வச்சிருக்கேனே."

"ஸ்பேனர் என்கிட்டயும் இருக்குங்க. வேணாம்."

வண்டிக்காரர் ஏதோ முணுமுணுத்தார். வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை முன்னறையில் யாரும் அசையவில்லை. அதன் பிறகு அண்ணி மூக்கை உறிஞ்சினாள். பிளாஸ்டர் தூள் என்றாள்.

அண்ணன் பிஸ்கட் டின்னை ஸ்கேனருக்குப் பக்கத்தில், தன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான். பிறகு மேஜை விளக்கை அணைத்து, தெருப் பக்க ஜன்னலின் திரையை விலக்கினான். பகல் வெளிச்சம் மேஜை முழுக்க விழுந்தது. நிறம் பார்ப்பதற்கு விளக்கு உதவாது, வெயில்தான் வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு அவன் முன்னால் எதுவும் இருக்கவில்லை.

பாப்பா தன் பையில் பழைய கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தம்பி நிலைப்படியைத் தாண்டி முன்னறைக்குள் நின்றிருந்தான். கை முழுக்க வெள்ளைத் தூள். உள்ளங்கையில் ஒரு முன்பல், சற்று முன் உலையிலிருந்து எடுத்தது.

"அண்ணே, இந்த நிறம் சரியா இருக்கா, கொஞ்சம் பாரு."